ஒரு மூங்கில் ஆணி
ஜப்பானியப் பயிற்சி வாளைப் பிரித்தலும் அதன் அலகை மீண்டும் பயன்படுத்தலும்

எத்தொழிற் கருவியாயினும் அதில் தேய்ந்து போகும் உறுப்பு ஒன்றும், நிலைத்து நிற்கும் உறுப்பு ஒன்றும் உண்டு. மண்வெட்டியின் காம்பு முறிந்துவிட்டால் வேறு காம்பு செருகிக்கொள்கிறோம்; இரும்பைத் தூக்கி எறிந்துவிடுவதில்லை. பாராங் கத்தியின் பிடி பிளந்துவிட்டாலும் அவ்வாறே. காம்பு இரண்டு மூன்று ஆண்டிற்கு ஒருமுறை மாறும். இரும்போ தந்தை கையிலிருந்து மகன் கைக்கு வரும்.

இந்த எளிய உண்மையை ஒரு பெருங்கலையாகவே வளர்த்தவர்கள் ஜப்பானியர்கள். அவர்களுடைய வாள் முறுக்காணியாலோ பற்றவைப்பாலோ இறுக்கப்படுவதன்று. சிறிய மூங்கில் ஆணி ஒன்றே அலகையும் பிடியையும் பிணைக்கிறது. அந்த ஆணியைத் தட்டி எடுத்துவிட்டால் வாள் தனித்தனி உறுப்புகளாகப் பிரிந்து வந்துவிடும். பிரித்தற்கென்றே செய்யப்பட்ட படைக்கலம் அது.

இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கென்டோ, இயாய்டோ முதலிய ஜப்பானிய வாட்பயிற்சிகளில் ஈடுபடுவோர் இருக்கின்றனர். அவர்களுடைய பயிற்சி வாளின் பிடி தளர்ந்தாலோ பிளந்தாலோ, ‘அலகு நன்றாகத்தானே இருக்கிறது; இதற்கு வேறு பிடி போட்டுக்கொள்ளலாமே’ என்ற எண்ணம் இயல்பாகத் தோன்றும். அவ்வெண்ணம் சிக்கனமானது, ஆனால், எல்லா அலகிற்கும் பொருந்துவதன்று. எந்த அலகை மீண்டும் பயன்படுத்தலாம், எதைப் பயன்படுத்தலாகாது, எதைத் தொடவே கூடாது என்னும் மூன்றையும் பகுத்தறிந்த பின்னரே கருவியைக் கையில் எடுத்தல் வேண்டும். தவறினால் ஒன்று, அருகில் நிற்பவன் உயிருக்கு ஊறு நேரும். அல்லது, பல நூற்றாண்டு வரலாறு அரைமணி நேரத்தில் அழிந்துபோகும்.

வாளின் உறுப்புகள்

ஜப்பானிய வாளின் அலகு பிடியின் வாயோடு முடிந்துவிடுவதில்லை. அதன் அடிப்பகுதி கூரும் மெருகும் இன்றி, பிடிக்குள் நெடுந்தூரம் புகுந்து மறைந்திருக்கிறது. ஜப்பானியர் இதனை ‘நக்காகோ’ என்பர். ஈண்டு ‘உட்காம்பு’ எனலாம். இவ்வுட்காம்பில் ஒரு துளை உண்டு. சிலவற்றில் இரண்டு துளை இருக்கும். பிடியிலும் அதற்கு நேராக ஒரு துளை உண்டு. இரண்டு துளைகளையும் ஊடுருவிச் செல்வதே ‘மெக்குகி’ எனப்படும் மூங்கில் ஆணி.

அலகும் உட்காம்பும் சேருமிடத்தில் செம்பினாலோ பித்தளையினாலோ ஆன ஒரு பட்டை மோதிரம் போல் அணிவிக்கப்பட்டிருக்கும். அதற்கு ‘ஹபாக்கி’ என்று பெயர். நம் வசதிக்குக் ‘கழுத்துப்பட்டை’ என்று கூறலாம். உறைக்குள் அலகு ஆடாமல் நிற்பதும், உறையின் மரத்தில் அலகு உராயாமல் இருப்பதும் இப்பட்டையால்தான். இதற்கு அடுத்துக் கையைக் காக்கும் தட்டு, தட்டின் இருபுறமும் மெல்லிய உலோக வளையத் தகடுகள், அதன்பின் பிடி.

பிடி ‘ஹோ’ என்னும் மரத்தால் செய்யப்படுகிறது. மென்மையும் நேரிய இழையும் உடைய இம்மரம் சண்பக இனத்தைச் சார்ந்தது. அதனை இரு பாதியாகப் பிளந்து, உட்காம்பின் வடிவத்திற்கேற்ப உள்ளே குடைந்து, மீண்டும் ஒட்டுவர். மேலே திருக்கை மீனின் சொரசொரப்பான தோலைப் போர்த்து, அதன்மேல் பட்டு நாடாவையோ பருத்தி நாடாவையோ குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுவர். தோலின் சொரசொரப்பு நாடா நழுவாமல் பிடித்துக்கொள்ளும். நாடாவின் முடிச்சுகள் வியர்த்த கையும் நழுவாமல் காக்கும்.

இரும்பாணி இருக்க மூங்கில் ஏன் என்று சிலர் வினவக்கூடும். இரும்பாணி துருப்பிடிக்கும், துரு பரவித் துளையை அரிக்கும், ஓங்கி வெட்டும் அதிர்ச்சியில் மரத்துளையைப் பெரிதாக்கிவிடும். மூங்கிலோ நீண்ட நார்களின் கட்டு. அதில் சில நார் அறுந்தாலும் எஞ்சியவை பிடித்துக்கொண்டிருக்கும். திடீரென்று இரண்டாக முறிவதில்லை. பழைய ஓலைக்கூரை வீடுகளில் அடுப்புப் புகையில் பல்லாண்டு காய்ந்து பழுத்த மூங்கிலே இதற்கு மிகச் சிறந்தது என்று ஜப்பானியர் தேடி எடுத்தனர். ‘மெக்குகியை ஈரமாக்குதல்’ என்றொரு வழக்கும் அவர்கள் மொழியில் உண்டு. ஆணி நழுவாதபடி நனைத்துக்கொள்வது போருக்கு ஆயத்தமாவதைக் குறிப்பதாயிற்று. வீரனின் உயிர் அச்சிறு ஆணியில் தொங்கியது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பயிற்சிக்கு உரியவை

பயிற்சி வாள் என்று சொல்லப்படுபவை யாவும் ஒன்றல்ல. மரத்தால் செய்த முழு வாள் ஒருவகை. மூங்கில் சிம்புகளை ஒன்றுசேர்த்துக் கட்டிய கென்டோக் கோல் மற்றொரு வகை. இவ்விரண்டிற்கும் உலோக அலகு இல்லையாதலின் இங்கு ஆராய வேண்டியதில்லை.

மூன்றாவது வகையே நமக்கு உரியது. உறையிலிருந்து வாளை உருவி, காற்றில் வெட்டி, மீண்டும் உறையில் இடும் முறைகளைத் தனித்து நின்று பயிலும் கலை இயாய்டோ. இதற்கென்று கூரில்லாத அலகுடைய வாள் ஒன்று ஜப்பானில் செய்யப்படுகிறது. தோற்றத்தில் உண்மை வாளையே ஒத்திருக்கும், உறுப்புகளும் அவையே. ஆனால், அலகு எஃகன்று. துத்தநாகமும் அலுமினியமும் கலந்து வார்த்த கலப்பு உலோகம். அதன்மேல் பளபளப்பான முலாம் பூசப்பட்டிருக்கும்.

இவ்வாறு செய்வதற்குச் சட்டமே முதற் காரணம். ஜப்பானில் 1958ஆம் ஆண்டின் துப்பாக்கி, வாள் உடைமைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, கலைப்பொருள் எனப் பதிவு செய்யப்பட்ட வாளை அன்றி வேறு எஃகு வாளை ஒருவர் வைத்திருக்க இயலாது. கூரும் எஃகும் இல்லாத பயிற்சி வாள் அக்கட்டுப்பாட்டிற்குள் வருவதில்லை. ஜப்பானுக்கு வெளியே பிற நாடுகளில் செய்யப்படும் பயிற்சி வாள்களில் எஃகு அலகு உடையனவும் உண்டு. நான்காவது வகை, கூருடைய உண்மை வாளே. தேர்ச்சி பெற்றோர் சிலர் அதனைக் கொண்டும் பயில்கின்றனர்.

ஆகவே, ‘பயிற்சி வாள்’ என்னும் பெயரைக் கொண்டு அலகின் தன்மையைத் துணிந்துவிட முடியாது. பிரித்துப் பார்த்தே அறிதல் வேண்டும்.

பிரிக்கும் முறை

வாளைப் பிரிப்பதற்கு வலிமை வேண்டுவதில்லை, பொறுமையே வேண்டும். சிறுவர் நடமாடாத, வெளிச்சமுள்ள இடத்தில் மேசை மீது கெட்டியான துணி ஒன்றை விரித்துக்கொள்க.

முதலாவது, வாள் உறையில் இருக்கும்போதே ஆணியை எடுத்தல். ஆணி ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் இருக்கும். மெலிந்த புறத்திலிருந்தே தள்ளுதல் வேண்டும், மாறித் தள்ளினால் மேலும் இறுகும், பிடியும் பிளக்கும். இதற்கென்று பித்தளையில் சிறு சுத்தியும் ஊசியும் சேர்ந்த கருவி விற்கப்படுகிறது. இல்லாவிடில், துளைக்கேற்ற பித்தளைக் கம்பியோ கெட்டியான மூங்கிற் குச்சியோ போதும். இரும்பு ஆணியை வைத்து அடித்தல் தகாது.

இரண்டாவது, அலகின் கூர்ப்புறம் மேல்நோக்கி இருக்கும்படி உறையைப் பிடித்து, வாளை மெல்ல உருவுதல். கூர் கீழ்நோக்கி இருப்பின் அது உறையின் மரத்தைச் செதுக்கும்.

மூன்றாவது, பிடியின் அடிமுனையை இடக்கையால் பற்றி, அலகைச் சாய்வாக மேல்நோக்கி நிறுத்தி, வலக்கை முட்டியால் இடக்கை மணிக்கட்டின் மேல் மெல்லத் தட்டுதல். அலகையோ பிடியையோ தட்டுவதில்லை. தன் கையையே தட்டிக்கொள்வதுதான் இதிலுள்ள நுட்பம். அவ்வதிர்ச்சியில் உட்காம்பு சிறிது சிறிதாக மேலெழும். முதல் தட்டு மிக மென்மையாக இருத்தல் வேண்டும். உட்காம்பு குட்டையான வாளில் ஓங்கித் தட்டினால் அலகு துள்ளி வெளியே விழுந்துவிடக்கூடும்.

நான்காவது, தளர்ந்த பின் கழுத்துப்பட்டையை ஒட்டிய இடத்தில் துணியால் பற்றி அலகைப் பிடியினின்று வெளியே எடுத்தல். கைத்தட்டையும் வளையத் தகடுகளையும் உட்காம்பின் வழியே கழற்றி, கழற்றிய வரிசையிலேயே துணிமீது வைக்க வேண்டும். தகடுகளுள் எது முன், எது பின் என்று குறித்துக்கொள்ளாதவர்கள் மீண்டும் பூட்டும்போது இடர்ப்படுவர்.

இறுகிப்போன பிடி வாராதாயின், மரக்கட்டை ஒன்றைத் தட்டின்மீது வைத்து மரச்சுத்தியால் சிறிது சிறிதாகத் தட்டிப் பார்க்கலாம். நெருப்பில் காட்டுவதும், பிடிக்குள் எண்ணெய் ஊற்றுவதும், கிடுக்கியில் மாட்டி இழுப்பதும் தவறு. பிடிக்குள் பிசின் ஊற்றி ஒட்டப்பட்ட மலிவான வாள் எவ்வாற்றானும் வாராது. அதனைப் பிரிக்க முயல்வதை அவ்வளவில் நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை.

எஃகு அலகை வெறும் விரலால் தொடலாகாது. விரலின் ஈரமும் உப்பும் பட்ட இடத்தில், நம் நாட்டின் புழுக்கத்தில், விரைவில் துருப்புள்ளி தோன்றும். மென்மையான தாளால் பழைய எண்ணெயைத் துடைத்து, புதிய எண்ணெயை மெல்லியதாகப் பூசுவதே முறை. கிராம்பு மணமூட்டிய எண்ணெயை ஜப்பானியர் இதற்குப் பயன்படுத்துகின்றனர்.

அலகை ஆராய்தல்

பிரித்த அலகை மீண்டும் பயன்படுத்தலாமா என்பதை நான்கு வினாக்களால் அறியலாம்.

முதல் வினா: இது எஃகா, கலப்பு உலோகமா? ஒரு காந்தத்தை அருகில் கொண்டுசெல்க. எஃகாயின் பற்றும், துத்தநாக அலுமினியக் கலப்பாயின் பற்றாது. கலப்பு உலோக அலகைப் புதிய பிடியில் பூட்டித் தனிப்பயிற்சிக்கே பயன்படுத்தலாம். அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்கலாகாது. இதனைக் கூர்தீட்டி வெட்டுவதற்குப் பயன்படுத்த முயல்வது பெரும்பிழை. அதற்குத் தோய்ச்சல் ஏறாது, கூர் நில்லாது. மூங்கிலையோ மற்றொரு வாளையோ ஓங்கி மோதினால் அலகு முறிந்து பறக்கவும் கூடும். பறக்கும் துண்டு எவர்மீது பாயும் என்று எவராலும் கூற முடியாது.

இரண்டாம் வினா: உட்காம்பும் அலகும் ஒரே துண்டா? அலங்காரத்திற்கென்று சந்தையில் விற்கப்படும் வாள்கள் பலவற்றில் அலகு பிடியின் வாயிலேயே முடிந்துவிடும். அதன் அடியில் மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றைப் பற்றவைத்து, மறுமுனையில் மரையிட்டு முடுக்கியிருப்பர். வீசும் விசை முழுதும் அப்பற்றவைப்பில் வந்து குவிதலின் அது அறுந்து அலகு பறந்துவிடும். இத்தகையது சுவரில் தொங்குதற்கு உரியதேயன்றி வீசுதற்கு உரியதன்று. பிடியை மாற்றினாலும் குறை தீராது.

மூன்றாம் வினா: வெடிப்போ வளைவோ உண்டா? கழுத்துப்பட்டை இருந்த இடத்தையும், துளையைச் சுற்றிய இடத்தையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குக. விசை மிகுதியாகத் தாங்கும் இடங்கள் இவையே. மயிரிழை அளவு வெடிப்பு இருப்பினும் அந்த அலகின் பணி முடிந்தது.

நான்காம் வினா: உட்காம்பில் பழந்துருவோ எழுத்தோ முத்திரையோ உண்டா? உண்டெனில், கருவிகளைக் கீழே வைத்துவிடுக. அது பயிற்சிப் பொருள் அன்று, ஆவணம். காரணம் பின்னர் விளங்கும்.

புதிய பிடி பொருத்தல்

ஒரு வாளின் பிடி மற்றொரு வாளுக்குப் பொருந்தும் என்று நினைப்பது தவறு. பிடியின் உட்குடைவு அந்தந்த உட்காம்பிற்கென்றே செதுக்கப்படுவது. உட்காம்பு நுனியை நோக்கி ஆப்புப் போல் ஒடுங்கிச் செல்லும். அதன் இருபக்கமும் மரத்தோடு முழுதும் படிந்திருந்தால்தான் வெட்டும் விசை மரம் முழுவதிலும் பரவும். இடைவெளி இருப்பின் விசை ஆணி ஒன்றன் மேலேயே விழும். ஆணி எத்துணை நல்ல மூங்கிலாயினும் அதனைத் தாங்காது.

பிடியின் துளையும் உட்காம்பின் துளையும் நேர்படாமற் போவதுண்டு. அப்போது அனுபவமற்றவர்கள் உட்காம்பின் துளையை அரத்தால் அகட்டிவிடுகின்றனர். இஃது ஒருபோதும் செய்யத்தகாதது. மரத்தின் துளையை ஹோ மரத் துண்டால் அடைத்து, சரியான இடத்தில் புதுத்துளை இடுவதே முறை. மாறத்தக்கது மரம்; மாறத்தகாதது அலகு. இவ்விதி ஒன்றை நினைவிற் கொண்டால் பாதிப் பிழைகள் தவிர்க்கப்படும்.

உறையைச் செய்வோரும் இதே விதியைப் போற்றினர். ஜப்பானில் உறையின் இரு பாதிகளைச் சோற்றுப்பசை கொண்டே ஒட்டினர். உறைக்குள் துருவோ அழுக்கோ சேர்ந்தால் அதனைப் பிளந்து துப்புரவு செய்து, மீண்டும் ஒட்டிக்கொள்ளலாம் அன்றோ? அலகு கெடாதிருக்கும் பொருட்டு உறை விட்டுக்கொடுத்தது. அலங்கார உறையில் அலகை நெடுநாள் வைப்பதும் நன்றன்று என்று கருதி, வெள்ளை மரத்தாலான எளிய பிடியும் உறையும் செய்து அதில் அலகை ஓய்வு கொள்ளச் செய்தனர். அப்போது அலங்காரப் பிடியும் உறையும் குலைந்துபோகாதபடி மரத்தால் ஒரு போலி அலகு செய்து அவற்றுள் நிறுத்தினர். அருங்காட்சியகங்களில் அழகிய பிடியும் உறையுமாகக் காணப்படும் வாள் சிலவற்றுள் இருப்பது இம்மர அலகே.

புதிய பிடி பூட்டிய பின் கைத்தட்டை அசைத்துப் பார்க்க வேண்டும், ஒலி எழக்கூடாது. ஆணி இரு புறமும் துருத்தி நில்லாது, விரலால் தள்ளினால் நகராது இருத்தல் வேண்டும். ஒவ்வொரு நாளும் பயிற்சிக்கு முன் ஆணியைப் பார்ப்பது நல்லாசிரியர் எவரும் விட்டுக்கொடுக்காத ஒழுங்கு.

பல பிறவி எடுத்த அலகுகள்

அலகை மீண்டும் பயன்படுத்துதல் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 14ஆம் நூற்றாண்டில் ஜப்பானில் மூன்றடிக்கு மேற்பட்ட நீண்ட வாள்கள் பல செய்யப்பட்டன. 16ஆம் நூற்றாண்டளவில் காலாட்படை பெருகி, இடுப்பில் செருகி விரைவில் உருவக்கூடிய குறுகிய வாளே வேண்டப்பட்டது. அரிய பழைய அலகுகளை எறிந்துவிட மனமில்லாத ஜப்பானியர் அவற்றைக் குறுக்கினர்.

எந்த முனையில் குறுக்குவது? நுனியை வெட்டினால் தோய்ச்சல் பெற்ற கூர்ப்பகுதி போய்விடும். அலகின் உயிரே அதுதான். ஆதலின் அடியிலிருந்து வெட்டினர். பழைய உட்காம்பு நீங்கும். அலகின் கீழ்ப்பகுதி புதிய உட்காம்பாகும். புதிய துளை இடப்படும். ஆனால், கொல்லன் தன் பெயரைப் பொறிப்பது உட்காம்பில்தான். எனவே குறுக்கிய அலகுகள் பல பெயரிழந்து போயின. இவ்விழப்பை உணர்ந்த சிலர், பெயர் பொறித்த பகுதியை மெல்லிய தகடாக வெட்டியெடுத்துப் புதிய உட்காம்பில் பதித்தனர். வேறு சிலர் அப்பகுதியை மடித்துப் பதித்தனர். நீண்ட காம்புடைய ஈட்டி போன்ற படைக்கலங்களின் வளைந்த அலகுகளும் இவ்வாறே வாளாக மாற்றப்பட்டன.

இவற்றுள் புகழ்பெற்ற ஒன்றைக் குறிப்பிடலாம். 1560ஆம் ஆண்டு ஒக்கேஹசாமா என்னுமிடத்தில் ஓடா நொபுனாகா என்னும் தலைவன், தன்னினும் பெரும்படை கொண்டு வந்த இமகாவா யொஷிமொட்டோவை வென்றான். வீழ்ந்த பகைவனின் வாள் அவன் கைக்கு வந்தது. அதனைக் குறுக்கித் தனக்கு ஏற்றதாக்கிக்கொண்ட அவன், அவ்வெற்றியின் நாளையும் தன் பெயரையும் உட்காம்பில் பொன்னால் பதிக்கச் செய்தான். அவ்வாள் கியோட்டோவில் நொபுனாகாவை வழிபடும் கெங்குன் கோயிலுக்கு உரியதாக இன்றும் உள்ளது. பிடிக்குள் மறைந்திருக்கும் பகுதியிலேயே வரலாறு எழுதப்பட்டிருப்பதைக் காண்க.

மலாயாவிற்கு வந்த வாள்கள்

இவ்வரலாற்றோடு நம் மண்ணிற்கும் தொடர்பு உண்டு. 1876இல் வாள் அணிதலைத் தடைசெய்த ஜப்பானிய அரசு, 1934இல் தன் இராணுவ அதிகாரிகளுக்குப் பழைய மரபை ஒட்டிய புதிய வாளைச் சீருடையின் அங்கமாக்கியது. பெரும்பாலான வாள்களின் அலகுகள் தொழிற்கூடங்களில் செய்யப்பட்டவை. ஆயினும், அதிகாரிகள் சிலர் தம் குடும்பத்துப் பழைய அலகையே இராணுவப் பிடியில் பூட்டிக்கொண்டு போருக்குச் சென்றனர். மூங்கில் ஆணி அதற்கு வழிவிட்டது. 1935இல் கீழ்நிலைத் தலைவர்களுக்கென வகுக்கப்பட்ட வாளோ வேறு வகை. அதன் பிடி உலோக வார்ப்பு. ஆணிக்குப் பதில் முறுக்காணி. அலகு எந்திரத்தில் செய்யப்பட்டது.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது முதல் மூன்றரை ஆண்டுக் காலம் இவ்வாள்களை மலாயா மக்கள் அச்சத்தோடு நோக்கினர். தோட்டத்துத் தமிழரும் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டோரும் பட்ட துயரத்தை இங்கு விரிக்க வேண்டியதில்லை. 1945 செப்டம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில் ஜப்பானியர் சரணடைந்தனர். அவ்வாண்டிலேயே கோலாலம்பூரில் ஜப்பானிய அதிகாரிகள் 25ஆவது இந்தியப் படைப்பிரிவினரிடம் தம் வாள்களை ஒப்படைத்தனர். தென்கிழக்காசியா எங்கும் பெறப்பட்ட வாள்கள் போர் நினைவுப் பொருளாகப் பிரிட்டன், ஆஸ்திரேலியா, இந்தியா முதலிய நாடுகளுக்குச் சென்றன.

அவற்றைக் கொண்டுசென்றோர்க்கு வெளித்தோற்றம் ஒன்றே தெரிந்தது. ஒரே பச்சை பழுப்பு நாடா. ஒரே வகைத் தட்டு. உள்ளே தொழிற்கூட அலகும் இருக்கலாம். நானூறு ஆண்டுப் பழமையுடைய அலகும் இருக்கலாம். பிடியைக் கழற்றி உட்காம்பைப் பார்த்தாலன்றி வேறுபாடு தெரியாது. போர்க்காலத் தொழிற்கூட அலகுகள் பலவற்றின் உட்காம்பில் சிறு முத்திரை இருக்கும். பழைய அலகிலோ கொல்லனின் பெயரும், கறுத்துப் படிந்த துருவும் இருக்கும்.

துருவும் ஓர் ஏடு

துரு என்றவுடன் தேய்த்துக் களைய வேண்டும் என்பதே இல்லங்களில் நாம் கற்ற பாடம். அலகின் மீது புதிதாகத் தோன்றும் செந்துருவிற்கு அது பொருந்தும். உட்காம்பின் பழந்துருவிற்குப் பொருந்தாது. உட்காம்பை மெருகிடுவதில்லை, எண்ணெய் பூசிக் காப்பதும் இல்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அதில் கருந்துரு ஒரு தோல்போல் படிகிறது. அதன் நிறமும் செறிவும் அலகின் வயதைக் காட்டும். எழுத்து உண்மையானதா, பின்னர் எவரேனும் பொறித்த போலியா என்பதையும் அதுவே காட்டிக்கொடுக்கும். கொல்லன் இறுதியில் அரத்தால் இட்ட கீற்றுகளும் அத்துருவின் அடியில் தெரியும். உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்துவிட்டால் இச்சான்றுகள் யாவும் போய்விடும். எந்தக் கலைஞனாலும் மீட்க முடியாது.

ஜப்பானிய அரசும் ஒரு வாளை அடையாளம் காண்பது பிடியாலன்று. வாளுக்கு வழங்கப்படும் பதிவுச் சீட்டில் அலகின் நீளம், வளைவின் அளவு, உட்காம்பிலுள்ள துளைகளின் எண்ணிக்கை, பொறித்த பெயர் ஆகியவை எழுதப்படுகின்றன. பிடியையும் உறையையும் மாற்றினாலும் சீட்டுச் செல்லும். ஒரு புதுத்துளை இட்டாலோ சீட்டும் வாளும் ஒவ்வாமற் போகும்.

இழப்பு எத்துணைப் பெரியதாக இருக்கக்கூடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மசமூனே என்னும் பெருங்கொல்லன் செய்ததாகப் போற்றப்படும் ‘ஹொன்ஜோ மசமூனே’ என்ற வாள் தொக்குகாவா குடும்பத்தின் உடைமையாக வழிவழி வந்தது. 1939இல் நாட்டின் அரும்பொருள் என்று அறிவிக்கப்பட்டது. போர் முடிந்தபின், 1945 டிசம்பரில் நேசப்படைகளின் ஆணைக்குப் பணிந்து, அக்குடும்பத்தார் பிற வாள்களோடு இதனையும் தோக்கியோவின் மெஜிரோ காவல் நிலையத்தில் ஒப்படைத்தனர். அங்கிருந்து சென்ற வாள் இன்றுவரை கிடைக்கவில்லை. அதில் கொல்லன் பெயர் இல்லை. என்றேனும் எங்கேனும் கிடைக்குமாயின், அலகின் தோய்ச்சற் கோலத்தையும் உட்காம்பையும் கொண்டே அறிஞர் அதனைத் தெளிதல் வேண்டும். அதற்குள் எவரேனும் அதனைத் தீட்டியும் தேய்த்தும் துளையிட்டும் இருப்பாராயின், கிடைத்தும் கிடைக்காததே ஆகும்.

ஆகவே, பழைய வாள் ஒன்று எவர் வீட்டிலேனும் இருப்பின் செய்யத்தக்கவை சிலவே. நாட்டின் சட்டம் கூறுவதைக் காவல் துறையினரிடம் கேட்டறிதல்; அலகில் மெல்லிய எண்ணெய் பூசுதல்; உட்காம்பைத் துணியாலன்றி வேறெதனாலும் தொடாதிருத்தல்; அதன் இருபுறத்தையும் நிழற்படம் எடுத்து, அத்துறை அறிந்தோரிடமோ அருங்காட்சியகத்தாரிடமோ காட்டுதல். பயிற்சிக்கு வாள் வேண்டுவோர் பயிற்சிக்கென்றே செய்ததை வாங்குக. அதன் பிடி கெட்டால் மேற்கூறிய நான்கு வினாக்களையும் கேட்டு, தக்கதாயின் புதிய பிடி பூட்டுக. தகாததாயின் தயங்காமல் கைவிடுக.

மண்வெட்டிக் காம்பை மாற்றுகின்றவன் இரும்பின் நிலையை ஒருமுறை தட்டிப் பார்த்த பின்னரே புதுக்காம்பைச் செருகுகிறான். இரும்பு வெடித்திருந்தால் புதுக்காம்பு வீண் என்பது அவனுக்குத் தெரியும். வாளுக்கும் அதுவே முறை.